குழாய் போன வழி

குழாயைத் திறந்துவிட்டு, அதற்கு நேர்கீழே ஒரு காலி பால்மாவு டின்னைக் கவிழ்த்து வைத்த பிறகுதான் பெத்ரோனா மெசா அடுப்பைப் பற்றவைப்பாள். தண்ணீர் எந்த நாள் வரும், எத்தனை மணிக்கு வரும் என்று புவெர்த்தோ மங்ளே என்ற அந்தக் கடற்கரை ஊரில் யாருக்கும் தெரியாது. முதல் சொட்டு விழுந்தால் டின் சொல்லிவிடும். அதுவரை குழாய் வெறுமனே மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். அதோடு அவளும் பேசிக்கொண்டிருப்பாள்.

"விடு, விடு. வெறுங்காத்த விட்டே ஒரு வாரத்த ஓட்டிட்டே. வெக்கமா இல்ல உனக்கு?"

அறுபத்திரண்டு வயதாகிறது. ஆனாலும் இந்தக் கரையின் வழக்கப்படி ஊருக்கு அவள் 'நீன்யா பெத்ரோனா', அதாவது சின்னப்பெண் பெத்ரோனா. தெருமுனையில் முட்டை அரேப்பா பொரிப்பது தொழில். சோளமாவு அப்பம் எண்ணெயில் உப்பி வந்ததும் எடுத்து, ஓரத்தைக் கீறி, உள்ளே ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, மறுபடி எண்ணெயில் விடுவாள். கண் வேறெங்கோ இருக்கும். ஒரு முட்டைகூடச் சிந்தாது. தண்ணீர் விஷயத்தில் மட்டும் மகா கறார். முகம் கழுவிய தண்ணீர் பாத்திரத்துக்கு, பாத்திரம் கழுவியது தரைக்கு, தரை துடைத்தது பப்பாளி மரத்துக்கு. "நாலு வேல செய்யாத தண்ணி என் வீட்டு வாசலத் தாண்டாது" என்பாள்.

அவளிடம் ஒரு விசித்திரம் உண்டு. ஊரில் எங்கே குழாய் ஓடுகிறது என்று கேட்டால் சாப்பாட்டைச் சொல்வாள்.

"குழாய் போட வந்த எப்ராயினுக்குப் பல்வலி வந்து கஞ்சி மட்டும் குடிச்சானே, அந்த எடத்துலதான் குழாய் சந்தப் பக்கம் திரும்புது."

கேட்பவர்கள் சிரிப்பார்கள். முடிதிருத்தும் எவாரிஸ்தோவும் சிரித்தவன்தான். சிரித்துக்கொண்டே அவள் காட்டிய இடத்தில் தோண்டினான். மூன்று சாணில் குழாய் தட்டுப்பட்டது. அதற்கப்புறம் அவன் இந்த விஷயத்தில் சிரிப்பதில்லை.

முப்பத்தெட்டு வருஷங்களுக்கு முன்னால், மலைத் தொட்டியிலிருந்து ஊருக்குக் குழாய் பதிக்க நாற்பது ஆட்கள் வந்தார்கள். இரண்டு வருஷம் பள்ளம் வெட்டிக்கொண்டே ஊருக்குள் நகர்ந்தார்கள். பெத்ரோனாவும் தலையில் அலுமினியக் குண்டானோடு பள்ளத்தின் ஓரமாகவே நகர்ந்தாள். ஒவ்வொரு குழாய்த் துண்டும் மண்ணுக்குள் இறங்குவதைப் பார்த்தபடிதான் சாப்பாடு போட்டாள். வேலை முடிந்து ஆட்கள் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். வரைபடங்கள் அலுவலகத்தில் இருந்தன. ஒரு வெள்ளத்தில் அவை ஊறிக் கூழாகிவிட்டன. பிறகு ஆற்றுப் பாலத்தின் வழியாகப் புதுக் குழாய் வந்தது. பழையதன் பெரிய வால்வை மூடி, மேலே ரோடு போட்டுவிட்டார்கள்.

போன மார்ச்சில் பாலத்துக் குழாய் உடைந்தது. சரிசெய்ய ஒரு மாதம் ஆகும் என்றார்கள். பதினோராம் நாள் சுகாதார நிலையத்தில் பிரசவ அறையைப் பூட்டினார்கள். நிறைமாதக்காரிகளை லாரியில் ஏற்றி, இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஊருக்கு அனுப்பினார்கள். ஒருத்திக்கு வழியிலேயே, லாரியின் பலகை மேலேயே குழந்தை பிறந்தது. தெருவில் எங்கே நின்றாலும் கண்ணெதிரே கடல்; குடிக்க ஒரு வாய் கிடையாது. மலைத் தொட்டியிலோ ஊற்றுத் தண்ணீர் நிரம்பி ஓடையில் வழிந்துகொண்டிருந்தது. அதைப் பீப்பாயில் பிடித்துக் கழுதை வண்டியில் கொண்டுவந்து விற்ற ஆர்னுல்ஃபோ ஒருவனுக்குத்தான் அப்போது ஊரில் நல்ல காலம்.

தலைநகரிலிருந்து ஓஸ்பினா என்ற இஞ்சினியர் வந்தார். அந்தப் பழைய வால்வைக் கண்டுபிடித்துத் திறந்தால் தண்ணீர் வந்துவிடும் என்பது அவர் கணக்கு. மண்ணுக்கடியில் இரும்பைத் தேடும் கருவி ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். மீன்பிடிக்கும் ஊர்; எங்கே வைத்தாலும் கருவி கத்தியது. ஆறு குழி வெட்டினார்கள். இரண்டு நங்கூரமும் ஒரு சைக்கிளும் கிடைத்தன. ஏழாவது குழிக்கு முன்னால் அவர் தெருமுனைக்கு வந்து நின்றார்.

"அம்மா, உங்களுக்குக் குழாய் தெரியும்னு சொல்றாங்க."

"எனக்குக் குழாய் தெரியாது தம்பி. சாப்பிட்டவங்களத் தெரியும்."

அவர் எதைத் தேடுகிறார் என்று கேட்டுக்கொண்டாள். சக்கரம் வைத்த பெரிய வால்வு. கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள்.

"அத நாலு பேரு தூக்கிட்டு வந்தாங்க. அன்னைக்கு மீன் சூப்பு. உப்புக் கிடங்குச் செவுத்து நெழல்ல உக்காந்து குடிச்சாங்க. குழி அவங்க காலடியில இருந்துச்சு."

உப்புக் கிடங்கின் கூரையும் மற்றச் சுவர்களும் குழாய் போட்ட காலத்துக்கு முன்பே போய்விட்டன. நீளமான ஒரு சுவர் மட்டும் மலையைப் பார்த்தபடி ரோட்டின் நடுத்திட்டாக நிற்கிறது. அதன் இரண்டு பக்கமும் வண்டிகள் போகும். அவள் எப்போதும் பத்து மணிக்குச் சோறு கொண்டுபோவாள். அந்த நேரத்தில் நிழல் மேற்குப் பக்கம் இருக்கும். அங்கே காட்டினாள். தாரைப் பெயர்த்து வெட்ட ஆரம்பித்தார்கள். ஆள் உயரம் போயும் மணலும் சிப்பியும்தான் வந்தன. பக்கவாட்டில் விரித்தார்கள். அங்கும் மணல்.

வண்டியில் உட்கார்ந்தபடியே ஆர்னுல்ஃபோ குரல் கொடுத்தான். "நீன்யா, அன்னைக்கு சூப்புல ஏதும் சரக்கு கலந்துட்டியா? எடமே மாறிப்போச்சே."

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அவளுக்குப் பெரிதில்லை. இது தப்பென்றால் மற்றதெல்லாம்? ஊர் முழுக்க ஓடும் அத்தனை வளைவும் இணைப்பும் முப்பத்தெட்டு வருஷமாக அவளுக்குள் இருக்கின்றன. அவையும் பொய்யா? ஓஸ்பினா கருவியைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

அவள் குழி ஓரத்திலேயே நின்றாள். மணி மூன்று இருக்கும். வெயில் நேராக முகத்தில் அடித்தது. கையைக் கண்ணுக்கு மேல் வைத்துச் சூரியனைப் பார்த்தாள்.

"அன்னைக்கு பத்து மணி இல்ல" என்றாள் மெதுவாக. பிறகு உரக்க: "தம்பி, பெட்டிய மூடாதீங்க. அன்னைக்கு மீன் கடகிட்ட ஒரு நாய் குறுக்க வந்து, குண்டான் தலையிலேர்ந்து விழுந்துருச்சு. சூப்பெல்லாம் மண்ணுல. நான் அழுதுக்கிட்டே வீட்டுக்குப் போயி, மீன்தலையப் போட்டு மறுபடி காச்சி எடுத்துட்டு வந்தேன். வந்து சேரும்போது இதே நேரம். பசியில என்னத் திட்டாத திட்டில்ல."

சுவரைச் சுற்றிக்கொண்டு கிழக்குப் பக்கம் போனாள். நிழல் இப்போது அங்கே விழுந்திருந்தது. அதன் நடுவில் போய் நின்று, காலால் ரோட்டைத் தட்டினாள். "இங்க."

வெட்டியவர்கள் களைத்துப்போயிருந்தார்கள். ஒருவரும் எழவில்லை. ஆர்னுல்ஃபோ வண்டியிலிருந்து இறங்கிக் கழுதையைக் கட்டிவிட்டு வந்து கடப்பாரையை எடுத்தான்.

"உனக்கு எதுக்குடா இது?" என்றான் எவாரிஸ்தோ. "தண்ணி வந்தா உன் பொழப்பு போச்சு."

"கழுதைக்கு ஓய்வு வேணும்ப்பா. என்னை மொறச்சுப் பாக்குது."

நெஞ்சளவு ஆழத்தில் கடப்பாரை இரும்பில் பட்டது. அதற்குப் பிறகு அவன் கையாலேயே மண்ணை அள்ளினான். துருவேறிய ஒரு சக்கரம், அகலமாக, வட்டமாக வெளிப்பட்டது. தொப்பி போட்டிருந்தவர்கள் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்கள். எண்ணெய் ஊற்றி, குழாய்த் துண்டை நெம்புகோலாக மாட்டி, நான்கு பேர் அரை மணி நேரம் போராடினார்கள். சக்கரம் முனகியது. பிறகு சுற்றியது.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு நின்றிருந்தவர்களின் உள்ளங்காலில் ஒரு அதிர்வு. தரைக்கடியில் எதுவோ ஊரை நோக்கி நடந்து போவதுபோல அது நகர்ந்து போனது. சுகாதார நிலையத்து வாசல் குழாய் இருமியது, காற்று, செங்கல் நிறத்தில் சேறு, வெகுநேரம் கழித்துக் கண்ணாடிபோல் தண்ணீர். ஒரு நர்ஸ் வெளியே ஓடிவந்து முழங்கைவரை கையைக் கழுவினாள். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து கழுவினாள். தெருத்தெருவாகக் குடங்கள் மோதும் சத்தம் எழுந்தது. ஆனால் சுவரடியில் நின்ற கூட்டம் தண்ணீரைப் பார்க்கப் போகவில்லை. பெத்ரோனாவையே பார்த்துக்கொண்டு நின்றது. எப்போதும் சத்தமாகப் பேசும் எவாரிஸ்தோ, "எல்லாம் அவ உள்ளயே இருக்கு பாரு" என்று பக்கத்திலிருந்தவனிடம் கிசுகிசுத்தான்.

ஓஸ்பினா ஒரு பெரிய வெள்ளைத் தாளைச் சுவர்மேல் விரித்துப் பிடித்து, பேனாவை அவளிடம் நீட்டினார். "மிச்சத்தையும் வரைஞ்சு குடுங்கம்மா. எவ்வளவு ஞாபகம் இருக்கோ அவ்வளவு."

அவள் பேனாவை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டாள். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு தார்ரோட்டில் இறங்கி நடந்தாள். கொஞ்ச தூரம் நேராகப் போனவள், எதுவுமே இல்லாத ஓரிடத்தில் நின்று, இடதுபக்கம் திரும்பினாள். ஓஸ்பினா தாளைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, குனிந்து, அவள் குதிகாலை ஒட்டியே கோடு போட்டுக்கொண்டு போனார்.