கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒரு பூட்டு

மூன்று பீப். ஒரு மூச்சு இடைவெளி. மறுபடி மூன்று பீப். தொண்ணூறுகளில், தி.நகரில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து நாளெல்லாம் நான் கேட்ட சத்தம் அது. வாடிக்கையாளர்கள் டெலிபோன் ரிசீவரைத் தங்கள் கம்ப்யூட்டரின் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "நீங்களே கேளுங்க" என்பார்கள். கேட்பேன். தாயைக் காணாத குஞ்சு கூப்பிடுவது போலவே இருக்கும்.

பூட்டு விற்கும் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு: உள்ளே போக முடியாமல் வாசலில் நிற்பவர் பெரும்பாலும் வீட்டுக்காரராகவே இருப்பார். நாங்கள் விற்றது தமிழில் அச்சுக்கோக்கும் மென்பொருள். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், சிறு புத்தகம் எல்லாம் அதில் செய்யலாம். மென்பொருள் இருக்கும் பிளாப்பி டிஸ்க்கை யார் வேண்டுமானாலும் நகலெடுத்துவிடுவார்கள் என்பதால், கூடவே தீப்பெட்டி அளவில் ஒரு பூட்டு கொடுப்போம். கம்ப்யூட்டரின் பின்புறம் பிரிண்டர் வயர் போகும் இடத்தில் அதை மாட்டி, அதன் முதுகில் வயரைச் செருக வேண்டும். பூட்டு இல்லாவிட்டால் மென்பொருள் திறக்காது. மூன்று பீப்தான்.

சேர்ந்த அன்று முதலாளி வரதன் சார் அலமாரிச் சாவியை என்னிடம் கொடுத்தார். உள்ளே, கெட்டுப்போனால் மாற்றிக் கொடுக்க, பன்னிரண்டு பூட்டுகள். பழையது கைக்கு வராமல் புதியது வெளியே போகக் கூடாது. ஒன்று குறைந்தாலும் என் வேலை போய்விடும் என்றார். தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு, கணவர் போன மறு வருஷம், நாற்பத்தாறு வயதில் கிடைத்த முதல் வேலை அது. மகன் அப்போது காலேஜில் இருந்தான். தலையாட்டினேன். சர்வீஸ் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, முதல் நாள் நாம் எதற்கும் தலையாட்டுவோம்.

சந்தனம்

மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்தில், வீட்டிலேயே பத்திரிகை அடித்துக் கொடுக்கும் ஒரு மாமா இருந்தார். விஜயதசமி அன்று காலையில் அவரிடமிருந்து போன். மூன்று பீப். போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டர் திரைக்குப் பட்டை, மவுஸுக்குக் குங்குமம், பிரிண்டருக்குக் கதம்பம். பூட்டு இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. கழற்றினால் கையெல்லாம் வாசனை.

முதல் நாள் ஆயுத பூஜைக்கு அதைக் கழற்றி, கத்தரிக்கோல், ஸ்க்ரூடிரைவரோடு வாழையிலையில் வைத்திருக்கிறார். ஒரு பக்கம் இருபத்தைந்து ஊசிகள், மறுபக்கம் இருபத்தைந்து துளைகள். இரண்டு பக்கமும் வழித்துச் சந்தனம். அது காய்ந்து காரையாகியிருந்தது. கொண்டை ஊசியை எடுத்து ஒவ்வொன்றாகச் சுரண்ட ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மாமா பக்கத்திலேயே நின்றார், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பவர் மாதிரி. பூட்டு பிழைத்தது. காப்பி கொடுத்துவிட்டு அவர் சொன்னார்: "ரெண்டு பக்கமும் மூஞ்சி மாதிரியே இருக்கு மாமி. எது முதுகு, எங்க இடணும்னு உங்க கம்பெனின்னா எழுதிக் கொடுத்திருக்கணும்?"

நகை

பூட்டை விற்கும்போது நான் ஒப்பிக்கும் பாடம் ஒன்று உண்டு. "தொலைஞ்சா வேற கிடைக்காது, நகை மாதிரி பத்திரமா வெச்சுக்கோங்க" என்பேன். தி.நகர் மார்க்கெட் பக்கம் அச்சகம் வைத்திருந்த ஒருவர் அதைத் தலைசாய்த்துக் கேட்டுக்கொண்டார். மூன்றாம் நாள், சனிக்கிழமை மத்தியானம், போனில் பீப். பூட்டு இருக்கிறதா என்று நான்கு தடவை கேட்டேன். "பத்திரமா இருக்கும்மா" என்று நான்கு தடவையும் சொன்னார்.

நேரில் போனேன். கம்ப்யூட்டரின் பின்புறம் காலி. பூட்டு பேங்க் லாக்கரில், அவர் மனைவியின் ஒட்டியாணத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பேங்க் இனி திங்கட்கிழமைதான் திறக்கும். ஞாயிற்றுக்கிழமை கொடுக்கவேண்டிய பத்திரிகை ஒன்று பாதியில் நின்றது. அலமாரியிலிருந்து இரண்டு நாளைக்கு ஒன்று கொடுங்கள் என்று கெஞ்சினார். என் வேலை போய்விடும் என்று சொல்லி மறுத்துவிட்டேன். அவர் கம்ப்யூட்டரின் பின்புறத்தை எட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நகை மாதிரின்னு நீங்கதானேம்மா சொன்னீங்க. நகையை எவனாவது மிஷினுக்குப் பின்னாடி மாட்டி வெப்பானா?"

சுவர்

எங்களைப் பார்த்து மற்ற கம்பெனிகளும் பூட்டு கொடுக்க ஆரம்பித்தன. அடையாறில் ஒரு டிசைனரிடம் ஐந்து மென்பொருள், ஐந்து பூட்டு. ஒன்றின் முதுகில் ஒன்றாக ரயில் பெட்டி போலக் கோத்து, கடைசியில் பிரிண்டர் வயர். மேஜையோ சுவரை ஒட்டிக் கிடந்தது, அறையோ சின்னது. நான் போனபோது ஒரு மேஸ்திரி அந்தச் சுவரில் உளி வைத்து ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். பூட்டுகளை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார். "இன்னும் ரெண்டு வாங்காதே சார்" என்று வீட்டுக்காரரிடம் சொன்னார். "அந்தாண்ட பக்கத்து வூட்டு கிச்சன் கீது."

சட்டைப் பை

ரெஜினா சாந்தோம் பக்கம் ஒரு சந்தில் கடை வைத்திருந்தாள். அம்மா மீன் விற்றுப் படிக்கவைத்த பெண். கல்யாணக் கார்டு, நினைவுக் கார்டு, சர்ச் நோட்டீஸ் அடிப்பாள். கடற்காற்றில் பூட்டின் ஊசிகள் துருப்பிடிக்கும். வருஷத்துக்கு ஒன்று மாற்றுவாள். ஒவ்வொரு முறையும் பழையதை ஒரு கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிடுவாள்.

ஒரு வியாழக்கிழமை வெறுங்கையோடு வந்தாள். கடையை மூடு என்று அவள் புருஷன் பிரான்சிஸ் ரொம்ப நாளாகச் சண்டை. அன்று காலை வந்து பூட்டைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். கம்ப்யூட்டரைத் தூக்கியிருந்தால் சந்தே கேட்டிருக்கும். இது தீப்பெட்டி அளவு, யாருக்கும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் திருவிழா. பாட்டுப் புத்தகம் சனிக்கிழமை போய்ச் சேராவிட்டால் அந்த வேலை வேறு அச்சகத்துக்குப் போய்விடும். அதோடு கடையும் முடிந்தது.

"திருடன் வராம இருக்கத்தானே மேடம் பூட்டு குடுத்தீங்க" என்றாள். "அவன் வூட்டுக்குள்ளயே கீறான்."

"போலீஸ்ல எழுதிக் குடேன்."

"இன்னான்னு எழுத? புருஷன் பாக்கெட்டுல கீதுன்னா? சிரிப்பானுங்க."

விதியைச் சொன்னேன். அவளுக்கே தெரியும். அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கீழே தெருவில் புடவைக் கடைக்காரர்கள் கூவுவது கேட்டது. மகனுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி என்று நினைத்தேன். அப்புறம் அலமாரியைத் திறந்து ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். பதிவேட்டில், "ரெஜினா. பழைய பூட்டு வரவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "உன் பேர்லயே எழுதியிருக்கேன், கழுத்துல கயிறு கட்டி மாட்டிக்கோ" என்றேன். அவள் சிரித்தாள். "தாலிக்குப் பக்கத்துலயா மேடம்? ரெண்டும் சண்டை போட்டுக்கும்."

திங்கட்கிழமை வரதன் சார் பதிவேட்டைப் படித்தார். வந்த பழைய பூட்டு தொலைந்துவிட்டது என்று எழுதியிருக்கலாமே என்று கேட்டார். தொலையவில்லையே சார் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். கோபமில்லை, களைப்புதான் தெரிந்தது. "மனுஷங்க முகத்தைப் பார்த்துக் குடுக்கலாம்னா" என்றார், "நான் எதுக்கும்மா பூட்டு செய்யறேன்?"

அந்த மாதத்தோடு என் வேலை போயிற்று. பிரான்சிஸ் பழைய பூட்டைத் திருப்பித் தரவே இல்லை, ரெஜினா அதே சந்தில் இன்னும் பதினான்கு வருஷம் கடை நடத்தினாள்.