ஒரு குறையும் இல்லைங்க சார்

எம். புதுப்பட்டி வேலுத்தாய்க்கு அந்தக் கூட்டம் எதற்கென்று கடைசிவரை பிடிபடவே இல்லை. கொரோனா காலத்தில் ஆஸ்பத்திரிகளில் என்ன நடந்தது என்று விசாரிக்க விருதுநகருக்குச் சட்டமன்றக் குழு வருகிறது, ஆளைப் பறிகொடுத்தவர்கள் நேரில் வந்து சொல்லலாம் என்றார்கள். ஆஸ்பத்திரியும் அரசாங்கம், கேட்க வருகிறவர்களும் அரசாங்கம்.

"அவுகளே அவுகள எதுக்குடி கேக்காக?" என்றாள் மகள் இசைவாணியிடம்.

இவர்கள் எம்.எல்.ஏ.க்கள், அரசாங்கத்தைக் கேள்வி கேட்பதும் இவர்கள் வேலைதான் என்றாள் மகள். அதிலும் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே மேசையில் உட்காருமாம். வேலுத்தாய்க்குத் தலை சுற்றியது. ஆனாலும் கிளம்பினாள். புருஷன் சின்னச்சாமி எப்படிச் செத்தார் என்று ஒருத்தராவது காது கொடுத்துக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைத்தே பாதி ஆயுசைக் கழித்த குடும்பம் அது. நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். அதிகாரிகளின் ஜீப் வாசலில் தெரிந்ததும் போர்மேன் விசிலடிப்பான். பாதிப் பேர் பின்பக்கமாகக் கருவேலங்காட்டுக்குள் ஓடிவிட, மிச்சப் பேர் கைகட்டி நின்று, என்ன கேட்டாலும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். பாழாய்ப்போன அந்தப் பதில் எல்லோர் நாக்கிலும் ஊறிக் கிடந்தது.

குழுத் தலைவர் நல்ல மனுஷராகத்தான் தெரிந்தார். ஆஸ்பத்திரியில் ஏதும் குறை இருந்ததா என்று மெதுவாகத்தான் கேட்டார். சுற்றிலும் வெள்ளைச் சட்டைகளும் அதிகாரிகளும். வேலுத்தாய் எழுந்து கைகட்டினாள்.

"ஒரு குறையும் இல்லைங்க சார்."

யாரோ எழுதிக்கொண்டார்கள். அவள் வந்து உட்கார்ந்தாள். என்ன சொன்னோம் என்றே அவளுக்கு விளங்கவில்லை. எதையோ மறந்துவிட்டு வந்தது மாதிரி மட்டும் இருந்தது.

அடுத்து அதே கம்பெனியில் வேலை பார்க்கும் ஊர்க்காவலன் பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் பெண்சாதி, சின்னச்சாமிக்கு அடுத்த கட்டிலில் கிடந்து, அதே நாளில் போனவள். ஆக்சிஜன் கேட்டு அவன் வார்டு முழுக்கக் கத்திக்கொண்டு ஓடியதை வேலுத்தாய் கண்ணால் பார்த்திருக்கிறாள். அந்த மனுஷனும் எழுந்து, கைகட்டி, ஒரு குறையும் இல்லைங்க சார் என்றான்.

அடப் பாவி! இப்படிப் பொய் சொல்லுதானே என்று நினைத்தாள் வேலுத்தாய். தானும் அதையேதான் சொன்னோம் என்பது அப்புறம்தான் உறைத்தது. கூப்பிடாமலே எழுந்துவிட்டாள்.

"ஐயா, அவரு பொய் சொல்லுதாரு. நானும் பொய்தான் சொன்னேன்."

தலைவருக்கு ஒன்றும் புரியவில்லை. யாரும் மிரட்டினார்களா என்றார். இல்லை என்றாள். பின்னே ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்றார். அவள் ஊர்க்காவலனைப் பார்த்தாள். அவன் குனிந்து அழுதுகொண்டிருந்தான்.

"தெரியலய்யா. யாரு வந்து கேட்டாலும் எங்களுக்கு அதுதான் வாயில வரும். ஆக்சிஜன் தீந்து அவரு மூச்சுக்குத் தவிக்கையில, பெரிய டாக்டரு வந்து எப்படி இருக்குன்னு கேட்டாரு. எங்க வீட்டுக்காரரு எந்திரிச்சு உக்காந்து, கையக் கட்டிக்கிட்டு, இதத்தான்யா சொன்னாரு."