கலியனின் வலது பக்கம்

மத்தியானச் சோறு எடுத்துப்போன சுகிர்தாவைக் கலியன் இடது முஷ்டியால் மார்பில் குத்தித் தள்ளினார். அவள் பின்மண்டை பீரோவில் மோதியது. ரசம் சுவரில் வழிந்தது. அந்த வாரத்தில் அது நாலாவது முறை. முதல் முறை அவள் உதடு கிழிந்தது. மூன்றாவதில், பத்தாவது படிக்கும் மகள் இளமதியின் மணிக்கட்டு பிசகியது.

சுகிர்தா என் அக்கா. மஸ்கட்டிலிருந்து தினமும் இரண்டு வேளை வீடியோவில் கூப்பிடுவேன். கேமராவை மின்விசிறிக்குத் திருப்பிவைத்துக்கொண்டு அவள் பேசினால் முகத்தில் புதுக் காயம் என்று அர்த்தம்.

அவள் கணவர் கலியன் மாமா கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பி ஆலையில் பத்தொன்பது வருடம் இடுக்கி பிடித்தவர். உருளைகளுக்கு நடுவிலிருந்து சீறி வரும் சிவந்த கம்பியின் முனையைக் கவ்வி அடுத்த உருளைக்குள் செலுத்த வேண்டும். தை மாதம் ஒரு கம்பி தடம் மாறி எகிறியது. அது பெயர்த்தெறிந்த இரும்புத் துண்டு ஹெல்மெட்டைப் பிளந்து இடது காதுக்கு மேலே இறங்கியது. மூளை வீங்கியதால் சென்னையில் மண்டையோட்டில் ஒரு துண்டை எடுத்து, வயிற்றுத் தோலுக்கடியில் வைத்துத் தைத்தார்கள். வீக்கம் வடிந்ததும் திரும்பப் பொருத்துவார்களாம். அதுவரை அந்த இடத்தில் அடிபடக் கூடாது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. வாயைத் திறந்தால் "ஏ… ஏ…" மட்டும்தான்.

"ஒருநாள் உன்னைக் கொன்னுடுவாரு," என்றேன். "இல்ல நீ தடுக்கப்போயி அவரு தலையில பட்டு அவரு போயிடுவாரு. திருவள்ளூர் பக்கம் இவர மாதிரி ஆளுங்களப் பார்த்துக்கிற ஹோம் ஒண்ணு பார்த்திருக்கேன். திங்கக்கெழமை வேன் வரும்."

"கட்டிப் போடுவாங்களாடா?"

"ஆரம்பத்துல மட்டும்."

"நீ மொதல்ல சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை, மாமாவோடு ஒரே ஷிப்டில் நின்ற தணிகாசலம் சாத்துக்குடியோடு வந்தார். அவருக்குத் தண்ணீர் கொடுக்க இளமதி அப்பாவின் வலப்பக்கமாகத் தாண்டிப் போனாள். மாமா உடம்பைத் திருப்பி இடது கையால் அவள் விலாவில் ஒரு குத்து விட்டார். சொம்பு உருண்டது. அவள் சுருண்டு உட்கார்ந்தாள்.

தணிகாசலம் அவளைத் தூக்கவில்லை. மாமாவின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிபடக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் சுகிர்தா ஆலையில் கேட்டு வாங்கி மாட்டிவிட்ட மஞ்சள் ஹெல்மெட். காலையில் போட்டால் படுக்கும்போதுதான் கழற்றுவாள்.

"அண்ணி, இத்த எதுக்கு மாட்டிக்கீற? இத்தப் போட்டா அவன் டூட்டியில கீறான்."

"இன்னா சொல்றீங்க?"

"கம்பி ரைட்டுலதான் வரும். அந்தப் பக்கம் எவன் குறுக்க வந்தாலும் பேசிக்கினு நிக்க மாட்டோம். ஒரே தள்ளு. இல்லாட்டி கம்பி வவுத்துல பூந்துடும். என்னையே ரெண்டு தபா தள்ளிக்கீறான்." மேல் வரிசையில் ஓட்டையைக் காட்டினார். "பல்லு போச்சு, உசுரு கீது. ஒரு டீ கூட வாங்கித் தரல, கஞ்சப்பய."

மாமா நண்பனின் வாயைப் பார்த்து "ஏ" என்றார்.

அக்கா என்னிடம் வேனை இரண்டு வாரம் தள்ளிப்போடச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் மாமாவுக்குப் பயிற்சி கொடுக்கும் ஏஞ்சலிடம் விஷயத்தைச் சொன்னாள். ஏஞ்சல் மாமாவின் வலப்பக்கம் பேனாவை நீட்டிப் பார்த்தார். அவர் கண் அசையவே இல்லை.

"வலது பக்கப் பார்வை போயிருக்கு. ஆளுங்க திடீர்னு முளைக்கிற மாதிரி இருக்கும். மில்லுப் பழக்கம் கொஞ்சம், மூளைக் காயம் கொஞ்சம். எது எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாதும்மா."

ஹெல்மெட் போனது. ஏஞ்சல் பஞ்சு அடைத்த தொப்பி ஒன்று கொடுத்தார். எல்லோரும் இடப்பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். ஒன்பது நாள் வீட்டில் அடியே விழவில்லை. நான் வேனை அடியோடு மறந்திருந்தேன்.

பத்தாம் நாள், அப்பாவுக்குப் பேச்சு வரவழைக்க, இளமதி படக்கார்டு காட்டினாள். மாடு. அவர் "ஏ" என்றார். "இல்லப்பா, மா… திரும்பச் சொல்லு." மூன்றாவது முறை அவள் திருத்தியபோது, அவளை நேராகப் பார்த்து, நிதானமாகக் கையை ஓங்கி அறைந்தார். கம்மல் காதை அறுத்துக்கொண்டு வந்தது.

அவள் இடப்பக்கம்தான் உட்கார்ந்திருந்தாள்.

"தெரிஞ்சுதான அடிச்ச?" என்றாள் சுகிர்தா. "இங்க எந்தக் கம்பி வந்துச்சு? சொல்லு."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு தொப்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, எலும்பில்லாத அந்தப் பள்ளத்தை நோக்கித் தன் முஷ்டியையே கொண்டுபோனார். சுகிர்தா மணிக்கட்டில் தொங்கினாள். முழங்கை அவள் வாயில் இடித்தது. இளமதி, கழுத்தில் ரத்தம் இறங்க, அப்பாவின் கையைப் படுக்கையில் அழுத்தி அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள். அவர் கத்திக் களைத்து ஓயும்வரை இருவரும் விடவில்லை.

அன்றைக்கு அக்கா கேமராவைத் திருப்பவில்லை. முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

"நாளைக்கே வேன் அனுப்பச் சொல்றேன்கா."

"என்னையக் கேக்காத. அவளக் கேளு."

போனை வாங்கிய இளமதியின் காதில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"வேன் வேணாம் மாமா," என்றாள். "கட்டிப் போட்டா தலைய முட்டிக்கினு செத்துடுவாரு. ஆனா இனிமே நான் கார்டு காட்ட மாட்டேன். அந்த ரூமுக்கும் வர மாட்டேன். அம்மா கூப்புட்டாக்கூட."

"சரி," என்றாள் அக்கா.