சீவலில் இருந்த சிவப்பு

வில்வித்தை மைதானத்தில் அவருக்குப் பெயர் 'ஒரு நிமிஷம்'. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஏதோ இருக்கும், யாருக்கு ஞாபகம்? மர அம்பு செய்வது அவர் தொழில். தான் செய்த அம்பை யாராவது நாணில் பூட்டினால் போதும், "ஒரு நிமிஷம்" என்று வாங்கி, காதருகே வைத்து வளைத்துப் பார்ப்பார். உள்ளே விரிசல் இருந்தால் 'டிக்' என்று மெலிதாக ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் அவருக்கு மட்டும்தான் கேட்கும் என்பார்கள். கேட்காவிட்டாலும் அவருக்குக் கேட்கும் என்று சிரிப்பவர்களும் உண்டு.

சூடு கண்ட பூனை, என்ன செய்வார்? இருபது வருஷத்துக்கு முன்னால் அவர் செய்த அம்பு ஒன்று, அவருடைய அண்ணன் நாணை விட்ட நொடியில் நடுவில் முறிந்து, அண்ணனின் இடது உள்ளங்கையில் நுழைந்து புறங்கையில் எட்டிப் பார்த்தது. காயம் ஆறிவிட்டது. ஆனால் நடுவிரலும் மோதிர விரலும் அன்றிலிருந்து மடங்குவதில்லை. அண்ணன் இதுவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. திட்டித் தீர்த்திருந்தால் இவர் இந்நேரம் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

அதன்பிறகு மரம் விஷயத்தில் அவர் யாரையும் நம்பவில்லை. மலைச்சரிவின் நிழல் பக்கம் வளர்ந்த பைன் மரம்தான் வேண்டும். வெயிலில் மளமளவென்று வளர்ந்த மரம் ஆள் பார்க்க வாட்டசாட்டம், உள்ளே பலமில்லை என்பார். ரம்பம் வைத்து அறுக்கவும் மாட்டார். ரம்பத்துக்கு மரத்தின் இழை எப்படி ஓடுகிறது என்று தெரியாது, நேராக அறுத்துக்கொண்டே போகும். ஆப்பு வைத்துப் பிளந்தால்தான் இழை போகிற வழியிலேயே குச்சியும் பிரியும். பிளந்ததைக் கட்டாகக் கட்டி, அடுப்பங்கரை உத்தரத்தில் ஒரு வருஷம் காயப் போடுவார். பிறகு இழைப்புளி, உப்புத்தாள், கடைசியாகக் காது.

காதில் தோற்ற தண்டுகளுக்குச் சிவப்புப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போடுவார். நாணுக்குப் பள்ளம் வெட்டின முனையில்தான் எப்போதும் போடுவது. மறு முனையை இரும்புக் கூர் மாட்டுவதற்காகப் பென்சில் சீவுவது போல அண்ணன் சீவுவார். குறி போட்ட தண்டு கண்ணில் பட்டால் தனியே ஒதுக்குவார். ஒதுக்கியதை உடைப்பதில்லை. ஒரு வருஷம் காத்திருந்து காய்ந்த மரத்தை உடைக்க இவருக்கு மனசு வராது. தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுக்க ஆகும் என்று பின்கட்டில் சாத்தி வைப்பார்.

அன்று காலை எட்டு மணிக்கு அண்ணன் மகள் புதுசாக முடித்த பன்னிரண்டு அம்புகளை எடுத்துக்கொண்டு தேர்வுப் போட்டிக்குப் போனாள். ஒன்பது மணிக்கு இவர் பட்டறையைக் கூட்டினார். அண்ணனின் முக்காலிக்கு அடியில் கிடந்த சீவல்களில் ஒரு சுருளின் ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு இருந்தது.

கையில் எடுத்துப் பார்த்தார். பாதிப் பெருக்கல் குறி. இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பி வளைத்ததில் முனை மாறியிருக்கிறது. சீவுகிற முனையில் குறியைப் போட்டிருக்கிறார். அண்ணன் வழக்கம்போலப் பள்ளத்து முனையைப் பார்த்துவிட்டு, இந்த முனையைச் சீவித் தள்ளியிருக்கிறார். குறி குப்பைக்குப் போய்விட்டது. விரிசல் அம்போடு போய்விட்டது.

பக்கத்திலேயே அண்ணன் இறகு ஒட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல இவருக்கு நாக்கு எழவில்லை. பசை வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார். வழியில் நாலு தடவை அவளுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. விரிசல் விட்ட அம்பு பத்துத் தரம் ஒழுங்காகப் போகும், பதினோராவது தரம் முறியும். இப்போது எத்தனையாவது?

மைதானத்து வாசலிலேயே பயிற்சியாளர் மறித்தார். இந்த வருஷம் மட்டும் இரண்டு முறை இவர் ஆட்டத்தை நிறுத்தியிருந்தார், இரண்டு முறையும் அம்பில் ஒன்றுமில்லை.

"இன்னைக்கும் சத்தம் கேட்டுச்சாக்கும்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பேசாம உக்காருங்க, போட்டி நடக்குது."

தூரத்தில் அண்ணன் மகள் வில்லைத் தூக்கினாள். ஆயுசு முழுக்கச் சொன்ன அந்த இரண்டு சொல்லும் அப்போது பார்த்துத் தொண்டையை விட்டு வரவில்லை. இடது கையை உயரத் தூக்கினார். நடுவிரலையும் மோதிர விரலையும் விறைப்பாக நீட்டி, மற்றவற்றை மடக்கினார். பிறந்ததிலிருந்து அவளைத் தூக்கி வளர்த்த அப்பாவின் கை அப்படித்தான் இருக்கும்.

ஓரக்கண்ணில் பார்த்தாள். இழுத்த நாணை மெல்லத் தளர்த்தி, வில்லை இறக்கினாள்.

அவளிடம் போய், அம்புக்கூட்டில் இருந்த பதினொன்றையும் வளைத்தார். சத்தமில்லை. பயிற்சியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். நாணில் இருந்ததை நீட்டும்போது அவள், "சித்தப்பா, காலைலேர்ந்து இதுதான் நல்லாப் போச்சு" என்றாள்.

வளைத்தார். இந்தத் தடவை 'டிக்' எல்லாருக்கும் கேட்டது. தண்டு இரண்டாகி, அரையடி நீளச் சிலாம்பு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டது. அவள் தன் இடது கையைப் பார்த்தாள், பிறகு முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் முக்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். மடியில் மற்றொரு சீவல், அதில் அந்தச் சிவப்புக் குறியின் மறுபாதி.

"அவ கை?"

"நல்லாருக்குண்ணா."

"நான்தான் பாக்காம சீவிட்டேன்."

"இல்லண்ணா. முனை மாத்திக் குறி போட்டது நான்."

அண்ணன் மடியில் இருந்த சீவலைத் தட்டிவிட்டார். பிறகு, "இருபது வருஷமா வளைச்சு வளைச்சுப் பாக்குறே. ஒண்ணையாவது உடைச்சியாடா?" என்றார்.

இவர் பின்கட்டுக்குப் போய், சாத்தி வைத்திருந்த குறி போட்ட தண்டுகளை எடுத்தார். செடிகளைத் தரையில் சாயவிட்டு, முட்டுக் கொடுத்த குச்சிகளையும் பிடுங்கினார். எல்லாவற்றையும் அண்ணன் முன்னால் போட்டு, முழங்காலில் வைத்து ஒவ்வொன்றாக உடைக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு சத்தத்துக்கும் அண்ணனின் இடது கை தானாகப் போய் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்து இவர் நிறுத்தினார்.

"உடை" என்றார் அண்ணன்.