சுண்ணாம்புக் கோட்டு வீடு

தர்மபுரி தனி ஜில்லா ஆன புதிதில், நல்லம்பள்ளிக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊருக்கு அரசாங்கத்தின் வீட்டுக் கடன் வந்தது. அப்பா மனுப் போட்டார். ஐப்பசி தொடக்கத்தில் பிளாக் ஆபீசிலிருந்து ஓர் ஓவர்சியர் சைக்கிளில் வந்தார். அறுவடை முடிந்து வெறுமனே கிடந்த எங்கள் கடலைக்கொல்லை மேட்டில் முளைக்குச்சி அடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்புப் பொடி தூவி, ஒரு வீட்டை வரைந்துவிட்டுப் போனார். ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. வாசல் வரும் இடங்களில் மட்டும் கோடு இல்லை.

வீட்டைக் கட்டிப் பார் என்பார்கள். நாங்கள் கட்டுவதற்கு முன்பே குடியிருந்து பார்த்தோம். சாயங்காலமானால் மூன்று பேரும் மேட்டுக்குப் போய்விடுவோம். அப்பா அறையில் துண்டை விரித்துப் படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அம்மா சமையல்கட்டில் சும்மா உட்கார்ந்திருப்பாள். அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்தது அங்கேதான். நான் கோட்டைத் தாண்டி ஓடினால், "செவுத்து மேல ஏன்டி நடக்குற, வாசல்ல வா" என்று அதட்டுவாள். ஆடு நுழைந்தால் ஆட்டுக்கும் அதே சட்டம்தான்.

மழை பெய்து கோடு கரைந்தால் அம்மாவே மறுபடி தூவுவாள். ஒவ்வொரு மழைக்கும் சமையல்கட்டு ஒரு சாண் வளர்ந்தது. அப்பா கண்டும் காணாதவர்போல இருந்தார்.

மார்கழிப் பனி இறங்கினால் கொல்லை முழுவதும் மறைந்துவிடும், கோடுகள் மட்டும் வெளேரென்று கிடக்கும். வெளியே நிற்பதைவிடக் கோட்டுக்குள் நிற்பது கதகதப்பாக இருந்தது. இன்றைக்கும் சத்தியம் பண்ணிச் சொல்வேன். தூக்கத்திலும் அந்த வீடு வரும். சுவர் கண்ணுக்குத் தெரியாது, கையை வைத்தால் மட்டும் சில்லென்று இருக்கும்.

பழைய வீட்டில் நாங்களும் பெரியப்பா குடும்பமும் ஒன்றாக இருந்தோம். அடுப்பு ஒன்றுதான். பெரியம்மா சமைத்து முடித்த பிறகே அது அம்மாவுக்குக் கிடைக்கும். அதற்குள் நான் பழைய களியைக் கரைத்துக் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடியிருப்பேன். அம்மா யாரையும் ஒரு குறை சொன்னதில்லை. தனக்கென்று ஓர் அடுப்பு வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

மனையை அரசாங்கத்துக்கு அடமானம் எழுதிக் கொடுத்தால்தான் கடன். பட்டாவோ அப்பா பெயரிலும் பெரியப்பா பெயரிலும் கூட்டாக இருந்தது. பெரியப்பா கையெழுத்துப் போட மறுத்தார். சர்க்காருக்கு எழுதிக் கொடுத்த மண்ணும் ஆற்றோடு போன மண்ணும் ஒன்று என்பது அவர் கட்சி. பங்குனிக்குள் கையெழுத்து வராவிட்டால் ஒதுக்கிய பணம் திரும்பிப் போய்விடும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். எனக்குப் பெரியப்பாவைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. அவர் இருமினால்கூடக் கோபம் வந்தது.

அவர் அம்மாவோடு நேரில் பேசியதே கிடையாது. எங்கள் பக்கத்தில் தம்பி பெண்டாட்டியை மூத்தவர் முகம் பார்த்துப் பேசமாட்டார். ஏதாவது சொல்ல வேண்டுமானால் என்னிடம் சொல்வார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொள்வாள்.

மாசியில் ஒருநாள் காலை பெரியப்பா, சாயங்காலம் ஒரு முடிவு சொல்லிவிடுகிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார். முடியாது என்பதைத்தான் முடிவாகச் சொல்லப்போகிறார் என்று நாங்கள் நினைத்தோம். அவர் மேட்டில் ஏறி வருவதைப் பார்த்ததும் அம்மா விறுவிறுவென்று சமையல்கட்டுக்குள் போய்ச் சுவர்க்கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள். தலை முதல் கால் வரை எல்லோருக்கும் தெரியும்படி ஒளிந்துகொண்டாள்.

பெரியப்பா கோட்டைத் தாண்டி நேராக வந்திருக்கலாம். சுற்றிக்கொண்டு வாசல் பக்கம் வந்து செருப்பைக் கழற்றினார். பழைய வீட்டு வாசல் நிலை குட்டை. நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர், ஆயுள் முழுக்க அதில் குனிந்தே நுழைந்து பழகியவர். இங்கேயும் குனிந்தார். வெறும் காற்றுக்குக் குனிந்து, கூடத்துக்குள் வந்து நிமிர்ந்தார். எங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

தொப்பூர்ப் பக்கத்து மலை மங்கிக்கொண்டு வந்தது. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"உங்கம்மாகிட்டச் சொல்லு. கொத்தனாருகிட்ட நெலைய ஒசத்தி வைக்கச் சொல்லணும். இந்த வூட்டுக்கு வரப்போக என்னால குனிய முடியாது."

அப்பாவுக்கு உடனே புரியவில்லை. "அப்ப கையெழுத்துங்கண்ணா?" என்றார்.

"திங்கக்கெழம போலாம்."

நான் வாசல் வழியாகவே சமையல்கட்டுக்குள் போய், அம்மாவிடம் அதை அப்படியே சொன்னேன். அவளுக்கு முன்பே கேட்டிருந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தாள். பெரியப்பா எங்கள் பக்கம் திரும்பித்தான் நின்றிருந்தார், கைக்கெட்டும் தூரத்தில். ஆனால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. நடுவில் சுவர் இருந்தது.