ஆட்டுத்தழைப் பாடம்

என் வீட்டுக்காரருக்கு ஃபாரஸ்ட் கார்டு வேலை கிடைத்ததில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. இத்தனை வருஷமாக இதை வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தது. அவர் இருந்திருந்தால் இப்போதும் எழுத விட்டிருக்க மாட்டார்.

கல்யாணமாகி ஆறு மாதம். புகுந்த வீடு டவுனுக்குள், சிம்மக்கல்லில். எட்டாவது பாஸ் பண்ணிவிட்டு அவர் சும்மாதான் இருந்தார். மாமனார் ஒருநாள் சோற்றில் ரசத்துக்குக் குழி பறித்தபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இந்தக் காட்டு வேலையும் கிடைக்கலன்னா அடுத்த கப்பல்ல ரங்கூனுக்கு ஏத்திருவேன்."

ரங்கூன் போனவர்கள் திரும்பி வர வருஷக்கணக்காகும். நானோ அவர் முகத்தையே இன்னும் நேராகப் பார்த்து முடிக்கவில்லை.

வேலைக்கு ஆள் எடுக்கும்போது ரேஞ்சர் இலைக்கொத்துகளைக் காட்டி, என்ன மரம், எதற்கு உதவும் என்று கேட்பாராம். இவர் டவுனில் பிறந்தவர். வேம்பையும் வாழையையும் விட்டால் மற்றதெல்லாம் அவருக்கு வெறும் மரம். நான் அழகர்கோவில் மலையடிவாரத்தில் ஆடு மேய்த்து வளர்ந்தவள்.

விறகு வண்டியோடு டவுனுக்கு வரும் என் அண்ணனிடம் தழை கேட்டேன். வகைக்கு ஒரு கொத்தாகக் கட்டிக்கொண்டு வந்து போட்டார்.

"என்ன தங்கச்சி, மாப்ளைக்கு இதைத்தான் ஆக்கிப் போடுறியா?"

மாமியார் முன்னால் புருஷனோடு பேசக்கூடாத வீடு அது. அதனால் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று கையை மட்டும் வெளியே நீட்டுவேன். கையில் ஒரு கொத்து இருக்கும். சரியாகச் சொன்னால் மறு கையால் வறுத்த கடலை. தப்பாகச் சொன்னால் கடலை உள்ளே போய்விடும்.

"வாகை."

கை அசையாது.

"உசிலையா?"

கடலை.

அவருக்கு மனசில் நிற்க வேண்டுமே என்று எனக்குத் தெரிந்த விவரத்தையும் மெதுவாகச் சொல்லி வைத்தேன். "உசிலைன்னா ஆடு ஓடி வரும். ஆத்திக்குப் பின்னங்காலுல நிக்கும். நொச்சிய மோந்து பாத்துட்டுப் போயிரும்."

மாமியார் ஒருநாள் பார்த்துவிட்டார். "ஏன்டி, எம்புள்ளைய கிடாக்குட்டி வளக்குற மாதிரியில்ல வளக்குற!"

பரீட்சை அன்று எல்லாக் கொத்துக்கும் பேர் சரியாகச் சொல்லிவிட்டாராம். உசிலையைக் காட்டி, "இது எதுக்கு உதவும்?" என்று ரேஞ்சர் கேட்டிருக்கிறார்.

"ஆடு ஓடி வரும்ங்கய்யா."

"ஆத்தி?"

"அதுக்குப் பின்னங்காலுலயே நிக்கும்ங்கய்யா."

"ஏப்பா, நீ காட்டைக் காக்க வந்தியா, மேய்க்க வந்தியா?"

காட்டிலாகாவுக்கு ஆடு என்றாலே ஆகாது. அது எனக்கு எப்படித் தெரியும்? கூட வந்தவர்கள் ஏருக்கு, வண்டிக்கு, கரிக்கு என்று சொல்லியிருக்கிறார்கள். இவர் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தார். நான் வெங்காயம் உரித்தேன். அன்றைக்கு ஆண்டவன் கொடுத்த வசதி அது. எவ்வளவு அழுதாலும் ஏனென்று யாரும் கேட்கவில்லை.

மாமனார் ரங்கூன் பயணத்துக்கென்று தகரப்பெட்டிக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தபோது வேலை உத்தரவு தபாலில் வந்தது. போய்ச் சேர்ந்த அன்று ரேஞ்சரே சொன்னாராம்: "கரி எல்லாருக்கும் தெரியும். ஆடு எங்க நிக்கும்னு தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான்."

அழகர்மலைப் பக்கமே வேலை. சேர்ந்த மாதமே காட்டுக்குள் புகுந்த ஒரு மந்தையை ஓட்டிவந்து காட்டிலாகாப் பட்டியில் அடைத்துவிட்டார். மறுநாள் காலையில் வாசலில் என் அண்ணன் குரல்.

"மாப்ள, அம்புட்டும் நம்ம ஆடு மாப்ள! எம்புட்டுக் காடு கெடக்கு, நீங்க நேரா அந்த உசிலை மரத்தடிக்குத்தான் வரணுமா? ஒங்களுக்கு யாரு சொன்னது?"

அவர் அடுப்படிக் கதவைப் பார்த்தார். பின்னால் நின்ற நான் கையைக்கூட வெளியே நீட்டவில்லை.