வெயில் படாமல்

என் கணவரின் கல்லீரலில் இருந்த கட்டி அங்கே பிறந்ததல்ல என்றார் டாக்டர். வேறெங்கோ தொடங்கிய செல்கள் ரத்தத்தோடு வந்து அங்கே தங்கிவிட்டனவாம். எந்த உறுப்பில் பிறந்ததோ அதன் பேரைத்தான் நோய்க்கு வைப்பார்கள், மருந்தும் அதற்குத்தான். புற்றுநோய் என்று ஒரு பேர் போதாதா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

பிறந்த இடம் தெரிய, அடையாறில் இன்னொரு லேபில் சோதிக்கச் சொன்னார்கள். கட்டியிலிருந்து எடுத்த சதையை மயிலாப்பூர் லேபில் மெழுகில் பதித்து வைத்திருந்தார்கள். பாதித் தீப்பெட்டி அளவுதான். "வெயில்ல மட்டும் வெச்சிடாதீங்கம்மா, உருகிடும்" என்று சொல்லிக் கவுண்டரில் இருந்தவர் கவரில் போட்டுக் கொடுத்தார்.

பஸ்ஸில் ஜன்னலோர சீட். மந்தைவெளி தாண்டியதும் மடியில் வெயில் விழுந்தது. கைப்பையை முந்தானையால் மூடிக்கொண்டேன்.

"உள்ள இன்னா, மல்லிப்பூவா?" என்று கேட்டாள் பக்கத்து சீட்டுக்காரி.

ஆமாம் என்றேன்.

அடையாறில் கவரைக் கொடுத்துவிட்டு ரசீது வாங்கினேன். திரும்பும் பஸ்ஸிலும் மடியில் வெயில் விழுந்தது. பையில் அது இல்லை. முந்தானையால் மூடிக்கொண்டுதான் வீடு வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.